1950களிலேயே போர்க்கப்பலுக்குள் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்: எப்படித் துணிந்தார்கள்?

கோவை_சர்க்யூட் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறேன், ஆனால் பழைய கம்ப்யூட்டர்கள் மேல் உள்ள பைத்தியம் மட்டும் விடவில்லை. செய்மோர் கிரே பற்றிப் படித்துக்கொண்டே போனபோது, அவர் சூப்பர் கம்ப்யூட்டர் பக்கம் வருவதற்கு முன்னால் யுனிவாக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தபடி அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு மெஷின் வடிவமைத்தார், பெயர் யுஎஸ்க்யூ-17, முழுக்க டிரான்சிஸ்டர், 1958 வாக்கிலேயே ஓடியது என்று இருந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். கடையில் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்ததே 1954 கடைசியில். அதிலிருந்து நாலே வருஷத்தில், கப்பலில் ஏற்றி சண்டைக்குக் கொண்டுபோகிற கம்ப்யூட்டரை அதே புதுச் சரக்கை நம்பி எப்படிச் செய்தார்கள்? ராணுவம் என்றாலே நாள்பட்ட, சோதித்துப் பார்த்த பொருளைத்தான் வாங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வால்விலேயே (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வெற்றிடக் குழாய்) செய்துவிட்டு, பத்து வருஷம் கழித்து மாற்றியிருக்கலாமே?

இன்னொன்று: அது ஏன் 30 பிட் சொல் (மெஷின் ஒரே மூச்சில் எடுத்துக் கையாளும் துண்டு)? 32 இல்லை, 36 இல்லை. இதற்குக் காரணம் ஏதாவது உண்டா, இல்லை கிரேயின் விருப்பமா?

இன்ஜின்ரூம் எழுதியது:

சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர் நான், போர்க்கப்பல் அனுபவம் கிடையாது. ஆனால் முதல் கேள்விக்குக் கப்பல் பக்கமிருந்து பதில் சொல்லலாம்.

வால்வில் செய்திருக்கலாமே என்கிறீர்கள். 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் எடுக்கும் சாதாரண வால்வையே கணக்கில் வையுங்கள், ஃபிலமென்ட் சூடாவதற்கே ஒன்றுக்கு இரண்டு வாட் போகிறது. நாலாயிரம் வால்வு என்றால் எட்டு கிலோவாட், இன்னும் ஒரு கணக்குக்கூடப் போடவில்லை, வெறும் சூடு மட்டும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏர்கண்டிஷனர், அதற்குத் தனி மின்சாரம், அதற்கு ஒரு அறை. தரையில் இதெல்லாம் பணப் பிரச்சினை, கட்டிடத்தைப் பெரிதாகக் கட்டிவிடலாம். டிஸ்ட்ராயர் அளவுக் கப்பலில் ஒரு அறையை எடுத்தால் வேறு எதையோ இறக்கித்தான் ஆகவேண்டும், அது மேல்தளத்தில் கனமாக இருந்தால் கப்பலின் நிலைப்பே கெடும். அப்புறம் அதிர்வு. சொந்தப் பீரங்கி சுடும்போது வருகிற அதிர்ச்சியே போதும், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அமெரிக்க விமானப்படை அதே காலத்தில் சேஜ் என்ற வான்பாதுகாப்பு அமைப்பை வால்வில்தான் கட்டியது. ஐபிஎம் செய்த அந்த மெஷின் 250 டன், சுமார் 3 மெகாவாட் மின்சாரம், ஜன்னல் இல்லாத மாடிக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதைக் கப்பலில் ஏற்றுவதைவிட அதைச் சுற்றி ஒரு கப்பல் கட்டிவிடலாம்.

பழம்பிட் எழுதியது:

இன்ஜின்ரூம் சொன்னது சரி, ஆனால் அது பாதிக் கதை. வால்வில் கப்பலுக்குச் செய்து பார்த்தவர்கள் உண்டு, கனடாக்காரர்கள். டேட்டார் என்று பெயர், கனடியக் கடற்படைக்காக ஃபெரான்டி கனடா நிறுவனம் செய்தது. 1953இல் ஒன்டாரியோ ஏரியில் இரண்டு கண்ணிவாரிக் கப்பல்களில் ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். ஒரு கப்பலின் ரேடாரில் தெரிவது ரேடியோ வழியாக இன்னொரு கப்பலின் திரையிலும் வந்தது, 500 இலக்குகளின் விவரத்தைக் காந்த உருளையில் வைத்துக்கொள்ளும். இன்றைக்கு நாம் டிராக்பால் (உருட்டினால் திரையில் குறி நகரும் பந்து) என்று சொல்வதும் அங்கேதான் பிறந்தது, ஃபைவ்-பின் பௌலிங் பந்தை வைத்துச் செய்தார்கள். யோசனையளவில் அமெரிக்கர்களுக்கு முன்னோடி, சந்தேகமே வேண்டாம். ஆனால் 3,800 வால்வு! சின்னக் கப்பலின் பின்பாதியை அதுவே அடைத்துக்கொண்டது, வால்வுகள் போய்க்கொண்டே இருந்தன. டிரான்சிஸ்டருக்கு மாற்றலாம் என்று திட்டமும் போட்டார்கள், செலவைத் தனியாகச் சுமக்க கனடாவால் முடியவில்லை, கூட்டுச் சேர அமெரிக்காவும் பிரிட்டனும் வரவில்லை. அதோடு சரி.

அமெரிக்கர்கள் துணிந்ததற்குத் தொழில்நுட்ப ஆசையைவிட பயம்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. 1945இல் ஒகினாவா பக்கம் ஜப்பானின் காமிகாசே தற்கொலைத் தாக்குதல் விமானங்கள் படாத பாடு படுத்தியிருந்தன. கப்பலின் போர்த்தகவல் அறையில் அப்போது நடந்தது என்ன தெரியுமா? ரேடார் முன்னால் இருப்பவர் திசையையும் தூரத்தையும் போனில் சொல்வார், கண்ணாடி மாதிரியான பெரிய பலகைக்குப் பின்னால் நிற்கிற மாலுமி கிரீஸ் பென்சிலால் அதைக் குறிப்பார், முன்னால் இருக்கும் அதிகாரிக்கு நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதுவார். நாலைந்து விமானம் என்றால் சமாளிக்கலாம். பல திசைகளிலிருந்து கூட்டமாக வந்தால் பலகை எப்போதும் பழைய செய்திதான். அதற்குள் ஜெட் வந்துவிட்டது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். பென்சில் ஒரு நிமிடம் பிந்தினால் விமானம் அங்கே இல்லை.

இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு கடற்படையின் கப்பல் பணியகத்தில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். இர்வின் மெக்னாலி ரேடார் தெரிந்தவர், எட்வர்ட் ஸ்வென்ட்சென் சங்கேதம் உடைக்கும் பிரிவின் கம்ப்யூட்டர்களோடு பழகியவர். என்டிடிஎஸ் என்ற கடற்படைத் தகவல் அமைப்பு இவர்கள் 1955 வாக்கில் போட்ட திட்டம். அப்போது டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் என்பதே ஆய்வகச் சமாச்சாரம். கம்ப்யூட்டர் பகுதி யுனிவாக்கின் செயின்ட் பால் கிளைக்குப் போனது, அந்தக் கிளையே போர்க்கால கடற்படை சங்கேதப் பிரிவு ஆட்கள் 1946இல் தொடங்கிய ஈஆர்ஏ நிறுவனத்தின் மிச்சம். ஆக, கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒரு கம்பெனியிடம் கொடுக்கவில்லை, பழகிய ஆட்கள்.

அங்கேயும் நேராக டிரான்சிஸ்டரில் குதிக்கவில்லை. காந்த வளையங்களையே சுவிட்சாக வைத்து மேக்ஸ்டெக் என்று ஒரு மெஷின், டிரான்சிஸ்டரில் டிரான்ஸ்டெக் என்று ஒன்று, இரண்டையும் செய்து பார்த்தார்கள். அந்தக் காலத்தில் காந்த லாஜிக் நிஜமான போட்டியாளர், உடையாது, தேயாது. டிரான்சிஸ்டர் வேகத்தில் ஜெயித்தது.

நெய்தல் எழுதியது:

30 பிட் கேள்விக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

முகவரிக்கு 15 பிட் வேண்டும், ஏனென்றால் கோர் மெமரி (பிட்டுக்கு ஒரு சின்னக் காந்த வளையம்) 32,768 சொற்கள். கட்டளையை இப்படிப் பிரித்தார்கள்: என்ன செய்யவேண்டும் என்பதற்கு 6 பிட், பிறகு மூன்று மூன்று பிட்டாக மூன்று துண்டு, மிச்சம் 15 பிட் முகவரி. கூட்டிப் பாருங்கள், 30. அந்த மூன்று துண்டுகளில்தான் கிரேயின் கைவண்ணம். ஒன்று எந்த இண்டெக்ஸ் ரிஜிஸ்டர் (முகவரியோடு கூட்டவேண்டிய எண்ணை வைக்கும் இடம், ஏழு இருந்தன) என்று சொல்லும், ஒன்று சொல்லின் எந்தப் பாதியை எடுப்பது, கூட்டல் கழித்தல் குறியை முழுச் சொல்லுக்கும் நீட்டுவதா என்று சொல்லும், இன்னொன்று பெரும்பாலான கட்டளைகளில் ‘இதைச் செய்துவிட்டு, விடை பூஜ்யமானால் அடுத்த கட்டளையைத் தாண்டு’ என்பது போன்ற நிபந்தனை. கூட்டலும் சோதனையும் ஒரே கட்டளைக்குள் முடிந்தது. மொத்த நிரலும் தகவலும் 32,768 சொற்களுக்குள் அடங்கவேண்டும் என்கிற நிலையில் இது பெரிய மிச்சம்.

சொல்லைப் பாதியாக வெட்டி எடுக்கும் வசதிக்கும் காரணம் இருக்கிறது. ஒரு விமானத்தின் கிழக்கு மேற்கு தூரம் ஒரு பாதியில், வடக்கு தெற்கு தூரம் மறு பாதியில். பிட்டை வீணாக்காமல் ஒரு இடத்தை ஒரே சொல்லில் வைத்துவிடலாம். எட்டு பிட் பைட் என்ற பழக்கம் அப்போது எங்கும் வேரூன்றவில்லை, எண்ணடிமான முறைதான் (மூன்று பிட்டுக்கு ஒரு இலக்கம், 0 முதல் 7 வரை), ஒரு சொல் சரியாகப் பத்து இலக்கம். 36 வைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு வளையம் கூடுதல், அந்தக் காலத்தில் வளையம் கையால் கோர்த்தது.

மெமரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் திரும்ப எழுத 8 மைக்ரோ செகண்டு. சிரிக்காதீர்கள், அந்த வேகத்தில்தான் ஒரு கப்பற்படையையே காத்தார்கள்.

கோவை_சர்க்யூட் எழுதியது:

அருமை! நிபந்தனையைக் கட்டளைக்குள்ளேயே வைத்தது பிற்காலத்து ஏஆர்எம் சிப்பை (கைபேசிகளில் இருக்கும் வகை) நினைவுபடுத்துகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். ரேடார் படத்தைப் பார்த்து ‘இதோ விமானம்’ என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்ததா? 8 மைக்ரோ செகண்டு மெமரியை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும் என்று தெரியவில்லை.

நெய்தல் எழுதியது:

கண்டுபிடிக்கவில்லை. ஆரம்ப கால என்டிடிஎஸ்ஸில் புள்ளியைப் பார்த்தது மனிதக் கண்தான். கன்சோல் முன்னால் உட்கார்ந்த மாலுமி டிராக்பாலை உருட்டி, குறியைப் புள்ளி மேல் கொண்டுவந்து பட்டனை அழுத்துவார். ரேடார் சில சுற்று சுற்றிய பிறகு மறுபடி அழுத்துவார். இரண்டு இடங்கள் கிடைத்தவுடன் கம்ப்யூட்டர் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு, அடுத்து எங்கே இருக்கும் என்று குறியைத் தானே நகர்த்திக்கொண்டே போகும். மாலுமி அவ்வப்போது திருத்தினால் போதும். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் அதுவரை ஒரு ஆள் நாலைந்து இலக்குக்கே திணறியதை யோசியுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் கருவிகள் பிற்பாடு ரேடாரோடு சேர்ந்து வந்தன.

மிச்ச வேலைகள் நிரலினுடையவை: எது ஆபத்து அதிகம், எந்தப் போர்விமானத்தை எந்த இலக்குக்கு அனுப்புவது, ஏவுகணைக்கு எட்டுமா. கன்சோல்களை ஹியூஸ் ஏர்கிராஃப்ட் செய்தது. திரையில் அரைவட்டம் என்றால் நம் விமானம், கூரை மாதிரி இரண்டு கோடு சேர்ந்தால் எதிரி விமானம், அதையே தலைகீழாகக் கவிழ்த்தால் நீர்மூழ்கி. குறியிலிருந்து ஒரு சின்னக் கோடு நீளும், அது திசையும் வேகமும். இந்தக் குறிகளின் வழித்தோன்றல்கள் இன்றைக்கும் கடற்படைத் திரைகளில் உயிரோடு இருக்கின்றன.

பழம்பிட் எழுதியது:

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டோம். என்னைக் கேட்டால் டிரான்சிஸ்டரைவிடப் பெரிய துணிச்சல் வேறு. பெரிய கப்பலுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர், சின்னதுக்கு ஒரு சின்னது என்று போகாமல், ஒரே மாதிரி மெஷினைச் செய்து, கப்பலுக்கு ஏற்ப இரண்டு மூன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேபிளால் இணைத்து வேலையைப் பங்குபோடுவது என்று முடிவு செய்தார்கள். பல கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்வதெல்லாம் 1950களில் யாருக்கும் கைவந்த கலை இல்லை. உதிரிபாகம் ஒன்று, பயிற்சி ஒன்று, நிரல் எழுதும் முறை ஒன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கோவை_சர்க்யூட் கிரேயின் ரசிகர் என்பதால் கொஞ்சம் தயக்கத்தோடு. கிரேயின் யுஎஸ்க்யூ-17 அப்படியே கப்பற்படைக்குப் போகவில்லை. படுக்க வைத்த ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தது அது, ஹாட்ச் (கப்பல் தளத்தின் இறங்குவழி) வழியாக இறக்க வசதி என்பார்கள். ஃபில்கோ செய்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், அன்றைக்கு இருந்ததில் வேகமானவை, ஆனால் நோஞ்சான், சூடு ஏறினால் மின்கசிவு கூடிவிடும். சான் டியகோவில் கடற்படை எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதற்குள் யுனிவாக்கில் கிரேயின் மேலதிகாரியாக இருந்த வில்லியம் நாரிஸ் தனியாகப் போய் கன்ட்ரோல் டேட்டா என்ற நிறுவனம் தொடங்கியிருந்தார், கிரேயும் உடனே கிளம்பத் தயார். கடற்படை வேலையை முடித்துவிட்டு வா என்று நாரிஸே சொன்னார், கடற்படை நாளைய வாடிக்கையாளர் ஆயிற்றே. முடித்துவிட்டு 1958இல் போனார்.

பின்னால் இருந்தவர்கள் அதே கட்டளைத் தொகுப்பை வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் புதிதாகச் செய்தார்கள். அதுதான் யுஎஸ்க்யூ-20, சிபி-642 என்றும் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கும் பெட்டி, ஏறத்தாழ ஒரு டன் எடை, முன்பக்கமாகவே திறந்து பழுதுபார்க்கலாம். கிரே மேதைதான், ஆனால் நள்ளிரவில் ஆடுகிற கப்பலில் சர்க்யூட் கார்டு மாற்றப் போகும் மாலுமியை நினைத்துச் செய்தவர்கள் இவர்கள்.

இன்ஜின்ரூம் எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு ஒரு சல்யூட். முன்பக்கம் திறக்கும் பெட்டி என்பதன் அருமை, பின்சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில் கையை நுழைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

டேட்டா லிங்க் பற்றி யாராவது சொல்லுங்களேன். தனித்தனிக் கப்பல்கள் ஒரே படத்தைப் பார்த்ததுதானே இதில் விசேஷம்?

நெய்தல் எழுதியது:

ஆமாம், லிங்க்-11. இங்கேயும் அந்த 30 வருகிறது, பாருங்கள். குறுகிய அலை ரேடியோவில் ஒரே நேரத்தில் 15 தொனிகளை அனுப்புவார்கள், ஒவ்வொரு தொனியின் கட்ட (ஃபேஸ்) மாற்றத்திலும் 2 பிட், ஆக ஒரு சட்டகத்துக்கு 30 பிட். அதில் 24 தகவல், 6 பிழை பார்க்க, திருத்த. வேகமான முறையில் நொடிக்கு 75 சட்டகம், அதாவது 2,250 பிட். இன்றைக்கு ஒரு எமோஜி அனுப்பவே காணாது. ஆனால் ரேடார் படத்தை அனுப்பவில்லையே, ‘இன்ன எண்ணுள்ள இலக்கு, இன்ன இடம், இன்ன வேகம்’ என்ற சுருக்கத்தைத்தான் அனுப்பினார்கள், அதற்குத் தாராளமாகப் போதும். ஒரு கப்பல் நடுவில் இருந்து ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட, கூப்பிட்ட கப்பல் தன்னிடம் உள்ளதைச் சொல்ல, மற்றவை கேட்டுக்கொள்ளும். அடிவானத்தைத் தாண்டி எட்டும். மோடம் வேலை காலின்ஸ் ரேடியோ செய்தது.

ஒரு சிக்கல் பலர் யோசிக்காதது: எல்லாக் கப்பலும் தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லவேண்டும். 1960களில் ஜிபிஎஸ் கிடையாது. என் கணக்கில் நான் இரண்டு மைல் தள்ளி இருந்தால், நீங்களும் நானும் பார்க்கிற ஒரே விமானம் திரையில் இரண்டாகத் தெரியும். அதைப் பொருத்துவதற்கென்றே தனிப் பாடு.

பழம்பிட் எழுதியது:

1961-62இல் மூன்று கப்பல்களில் வைத்து சோதித்தார்கள்: ஒரிஸ்கனி விமானந்தாங்கி, அப்புறம் கிங், மஹான் என்ற இரண்டு ஏவுகணைக் கப்பல்கள். அதே சமயம் அணுசக்திக் கப்பல்களான என்டர்பிரைஸ், லாங் பீச் இரண்டிலும் ஏறியது. வியட்நாம் போரில் டோங்கின் வளைகுடாவில் நின்று, போகிற வருகிற ஒவ்வொரு விமானத்தையும் அடையாளம் பார்த்தவை இந்த அமைப்புள்ள கப்பல்கள்தான், ‘ரெட் கிரவுன்’ என்ற அழைப்புப் பெயரோடு. லாங் பீச் 1968 மே மாதம் டாலோஸ் ஏவுகணையால் மிக் விமானத்தை வீழ்த்தியதும் அங்கேதான். பிரிட்டன் தன் வழியில் போனது, 1964இல் ஈகிள் விமானந்தாங்கியில் ஃபெரான்டியின் பொசைடன் கம்ப்யூட்டர்கள் மூன்று. பிரான்சின் செனிட் என்ற அமைப்பு என்டிடிஎஸ்ஸை ஒட்டி எழுந்தது.

கோவை_சர்க்யூட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன். சண்டை நடுவில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்? கரண்ட் போனால்? அந்த முன் பேனலை விளக்குகளோடு நல்ல படமாகப் பார்க்க முடியுமா?

நெய்தல் எழுதியது:

ஒன்று படுத்தால், மிச்சம் உள்ளதில் சுருக்கமான நிரலை டேப்பிலிருந்து ஏற்றிக்கொள்வார்கள். இலக்குப் பின்தொடர்தல் போன்ற முக்கிய வேலை மட்டும் நடக்கும், மற்றதை விட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி மெஷின் என்பதால்தான் இது முடிந்தது. கரண்ட் போனால் கோர் மெமரி மறக்காது, காந்தம்தானே. ஆனால் திரும்ப வரும்போது இலக்குகள் எல்லாம் நகர்ந்திருக்கும், அதனால் நிரலை மட்டும் காப்பாற்றியதாக அர்த்தம், படத்தை மறுபடி கட்டவேண்டும்.

படத்துக்கு ஒரு குறுக்குவழி. இதன் அடுத்த வடிவமான 642பி, மெமரி வேகம் இரட்டிப்பு, நாசாவின் அப்போலோ கண்காணிப்பு நிலையங்களிலும் இருந்தது, நிலவிலிருந்து வந்த தகவலைக் கையாள ஒன்று, கட்டளை அனுப்ப ஒன்று. ஆஸ்திரேலியாவில் கான்பெரா பக்கம் ஹனிசக்கிள் கிரீக் என்று ஒரு நிலையம், அங்கே வேலை பார்த்தவர்கள் நிறையப் படங்களைப் பாதுகாத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கப்பல் உள்ளே எடுத்த படங்களைவிட அவை தெளிவு. நிலையத்தின் பெயரோடு 642பி என்று போட்டுத் தேடுங்கள்.